பூட்டிய மடத்துக்குள் கொரோனா நுழைந்தது எப்படி?

"சிஸ்டருங்க வெளியவே வர்றதில்ல, கேட்டு எப்பவும் பூட்டியேதான் கிடக்கு. அவங்களுக்கு எப்படிங்க வந்துச்சு?" கொரோனா காலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பலருக்கும் எழுந்த கேள்வி இது. 2022 ஜனவரியில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வழிபாட்டுத் தலங்களில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருந்தது. அப்படியிருக்க மடத்துக்குள் மட்டும் காலையில் பூசை மணி அடிக்கிறதே, இவர்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?

இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். மடம் உலகத்திலிருந்து ஒதுங்கிய இடம், ஆகவே நோயிலிருந்தும் ஒதுங்கிய இடம் என்று நினைத்துக்கொள்கிறோம். வெளிக்கதவைப் பூட்டுவதில் மடங்களுக்கு நூற்றாண்டுக் கணக்கில் பழக்கம் உண்டு. உள்ளே இருப்பவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்து வைக்கும் பழக்கம்தான் கிடையாது. சொல்லப்போனால், அப்படிப் பிரியாமல் சேர்ந்து வாழ்வதற்காகவே மடம் என்ற ஏற்பாடு உண்டானது. பெருந்தொற்று கைவைத்தது சரியாக அந்த இடத்தில். கீழே வருவது எந்த ஒரு குறிப்பிட்ட இல்லத்தின் கதையும் அல்ல. கத்தோலிக்கத் துறவற வாழ்வின் பொதுவான அமைப்பை வைத்துச் சொல்லும் விளக்கம்.

முதலில், 'மடம்' என்று எதைச் சொல்கிறோம்?

பேச்சுவழக்கில் எல்லாமே மடம்தான். ஆனால் மூன்று வகையைப் பிரித்துக்கொள்ளாவிட்டால் மேலே நகர முடியாது.

1. அடைபட்ட மடம். செபமே முழுநேர வேலை. கார்மேல் சபைக் கன்னியர் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம். மருத்துவம், வாக்களிப்பு போன்ற தேவைகள் தவிர வெளியே வருவது அரிது. உறவினர் வந்தாலும் பார்வையாளர் அறை வரைக்கும்தான்.

2. பணி செய்யும் சபைகளின் இல்லம். பள்ளி, மருத்துவமனை, மாணவியர் விடுதி, முதியோர் இல்லம் நடத்தும் சிஸ்டர்கள் வாழுமிடம். நம் இரு மாவட்டங்களிலும் 'கன்னியர் மடம்' என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். காலையும் மாலையும் மடத்து ஒழுங்கு. நடுவில் பகல் முழுக்க ஊரோடு வேலை.

3. ஆசிரமம். இந்தியத் துறவு முறையைக் கிறிஸ்தவ வாழ்வோடு இணைத்துப் பார்த்தவர்கள் உருவாக்கியது. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-ல் தொடங்கிய சாந்திவனம் கத்தோலிக்க மரபைச் சேர்ந்தது. நமக்குப் பக்கத்திலேயே திருப்பத்தூரில் 1921-ல் இரண்டு மருத்துவர்கள், சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும், தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் புராட்டஸ்டன்ட் மரபைச் சேர்ந்தது.

இரு மாவட்டங்களையும் சேர்த்த தர்மபுரி கத்தோலிக்க மறைமாவட்டம் (ஓர் ஆயரின் நிர்வாகத்தில் இருக்கும் பகுதி) சேலத்திலிருந்து பிரிந்து 1997-ல் உருவானது. பிறகு 2004-ல் கிருஷ்ணகிரி தனி வருவாய் மாவட்டமானபோதும் திருச்சபை நிர்வாகத்தில் இரண்டும் ஒன்றாகவே நின்றன. இதை ஏன் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், 2020-ல் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் தேவைப்பட்டபோது ஒரே மறைமாவட்டத்துக்குள் நடமாடுவதற்கே அனுமதி கேட்க வேண்டிய நிலை வந்தது. ஓசூர்ப் பக்கத்து இல்லங்களுக்கு இன்னொரு சிக்கல். மருத்துவமனை, கடை என்று பல காரியங்களுக்கும் அவர்களுக்குப் பக்கம் பெங்களூருதான்; நடுவில் அத்திப்பள்ளி எல்லை.

மூன்று வகைக்கும் பொதுவான ஒரு அம்சம் உண்டு. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளை, அதாவது துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குகளைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அதோடு ஒட்டி வரும் நான்காவது ஒன்றுக்குத் தனி வார்த்தைப்பாடு இல்லை என்றாலும் நாள் முழுவதையும் நடத்துவது அதுதான்: கூட்டு வாழ்வு. ஒரே கூரை, ஒரே சமையல், ஒரே மேசை, ஒரே செபம்.

குளிர்காலம் என்றால் மடத்தில் என்ன?

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு நூலில் 73 அதிகாரங்கள் இருக்கின்றன. மேற்குலகத் துறவு மடங்களின் அன்றாடம் பெருமளவு அதிலிருந்து வந்ததுதான். அதில் குளிர்காலத்துக்கென்று தனிக் கணக்கு உண்டு. நவம்பர் 1 முதல் உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) வரை குளிர்காலம். துறவிகள் இரவின் எட்டாம் மணிக்கு, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மணிக்கு, எழ வேண்டும். குளிருக்குக் கனத்த மேலங்கி, கோடைக்கு மெல்லியது என்று உடுப்புக்கும் விதி. குளிரில் செபம் குறையக்கூடாது, ஆனால் உடம்பும் கெடக்கூடாது என்ற கவலை அந்த நூல் முழுக்க ஓடுகிறது.

நம் ஊரில் இரண்டு மணிக்கு எழும் மடம் அபூர்வம். ஐந்து மணிக்கு முன்னும் பின்னுமாக எழுந்திரிக்கும் மணி அடிக்கும். ஆனால் குளிர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியலில் எதிரே வரும் ஆள் தெரியாத அளவுக்குப் பனி இறங்கும் நாட்கள் உண்டு. அந்த நேரத்தில் சேப்பலுக்குள், அதாவது மடத்துச் சிற்றாலயத்துக்குள், இருபது பேர் உட்கார்ந்தால் முதலில் செய்வது ஜன்னலைச் சாத்துவது. சாதாரணக் காலத்தில் இது யாருக்கும் தோன்றாத சின்னச் செயல். 2020-க்குப் பிறகு அது ஒரு முடிவெடுக்க வேண்டிய விஷயமாகிவிட்டது.

குளிரே நோயைக் கொண்டுவருகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. இந்தியாவில் கணக்கு அப்படிப் போகவில்லை. நாட்டின் முதல் அலை உச்சம் 2020 செப்டம்பரில், இரண்டாம் அலை உச்சம் 2021 மே மாதக் கத்திரி வெயிலில். மூன்றாவதுதான் ஜனவரியில் வந்தது. ஆகவே நம் பக்கம் குளிர்காலத்தின் பங்கை வெப்பநிலையில் தேடுவதைவிடச் சாத்திய ஜன்னலில் தேடுவது சரியாக இருக்கும்.

ஒன்றல்ல, இரண்டு குளிர்காலங்கள்

'கொரோனா குளிர்காலம்' என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு அனுபவங்கள் குழம்பிவிடுகின்றன.

முதல் குளிர்காலம் 2020 டிசம்பரும் 2021 ஜனவரியும். தமிழ்நாட்டில் அப்போது தினசரித் தொற்று ஆயிரத்தை ஒட்டி இருந்தது. எண்ணிக்கை குறைவு, பயம் அதிகம், தடுப்பூசி கைக்கு வரவில்லை. 2021 ஜனவரி 16-ல்தான் நாட்டில் தடுப்பூசி தொடங்கியது. அதுவும் முதலில் மருத்துவப் பணியாளர்களுக்கு. ஆகவே மருத்துவமனையில் வேலை செய்த சிஸ்டருக்கு முதலில் ஊசி. அதே இல்லத்தில் படுக்கையில் இருந்த எண்பது வயது சிஸ்டருக்கு மார்ச் மாதம், 60 வயதைக் கடந்தவர்களுக்குத் திறந்த பிறகு. ஒரே கூரைக்குள் இரண்டு வரிசை.

இரண்டாவது, 2022 ஜனவரி. ஒமைக்ரான். தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று 30,000-ஐத் தாண்டியது. ஆனால் பெரும்பாலோர் ஊசி போட்டிருந்தார்கள், நோயும் முன்பளவுக்குக் கடுமை காட்டவில்லை. எண்ணிக்கை அதிகம், பயம் குறைவு. மடங்களுக்குள் அதிகம் பேருக்கு ஒரே சமயத்தில் காய்ச்சல் வருவதற்கான வாய்ப்பு இந்த இரண்டாவதில்தான் கூடுதல். கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்தது முதலாவதில். இந்த முரணை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எளிது.

ஆரம்பத்திலிருந்த நம்பிக்கைக்கும் ஒரு காரணம் உண்டு. 2020 ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு வெளியிட்ட பட்டியலில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் ஒரே ஒரு பச்சை மண்டலம்தான், அதாவது தொற்று இல்லாத மாவட்டம். அது கிருஷ்ணகிரி. சில நாட்களில் அங்கேயும் தொற்று வந்தது. மாவட்டத்துக்கு நடந்ததுதான் மடத்துக்கும்: எல்லையைக் காத்ததால் வருகை தள்ளிப்போனது, தவிர்ந்துவிடவில்லை.

சேப்பலில் காற்றின் கணக்கு

மடத்துச் செபத்தைப் பார்க்காதவர்களுக்கு அதன் வடிவத்தைச் சொல்ல வேண்டும். காலைச் செபம், பகல் செபம், மாலைச் செபம், இரவுச் செபம் என்று நாளைப் பிரித்து, விவிலியத்தின் திருப்பாடல்களை (சங்கீதங்களை) சொல்வார்கள். தமிழில் இந்தச் செபநூலுக்குத் திருப்புகழ்மாலை என்று பெயர். பழைய ஆட்கள் கட்டளைச் செபம் என்பார்கள். பல மடங்களில் இரண்டு அணியாகப் பிரிந்து எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு அணி ஒரு வரி, மறு அணி அடுத்த வரி என்று மாற்றி மாற்றிப் பாடுவது வழக்கம். ஒரு அணி பாடும்போது மறு அணி மூச்சை உள்ளே இழுக்கும். அழகான ஏற்பாடு. காற்றில் பரவும் நோய்க்கும் இதைவிட வசதியான ஏற்பாட்டை யாரும் செய்துகொடுக்க முடியாது.

பாடுவது ஏன் ஆபத்து? சும்மா மூச்சு விடுவதைவிடப் பேசும்போதும், பேசுவதைவிடப் பலத்துப் பாடும்போதும் வாயிலிருந்து நுண்துளிகள் அதிகம் வெளியேறுகின்றன. மிக நுண்ணியவை கீழே விழாமல் காற்றிலேயே மிதக்கும். 2020 மார்ச் 10-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற ஊர்ப்பகுதியில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். நோய் உறுதியானவர்களும் நோயாக இருக்கலாம் என்று கணக்கிடப்பட்டவர்களும் சேர்த்து 53 பேர். இரண்டு பேர் இறந்தார்கள். காற்று வழிப் பரவலைப் பற்றிய பேச்சில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்ட சம்பவம் அது.

இப்போது மடத்துக்கு வருவோம். இருபது பேர் இருக்கும் ஒரு இல்லத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பூசையும் செபங்களும் சேர்த்து இரண்டரை மணி நேரம் என்று வைப்போம். மூன்று வேளைச் சாப்பாடு ஒரு மணி நேரம். இரவில் எல்லோரும் கூடிப் பேசிச் சிரிக்கும் நேரம், அவர்கள் மொழியில் ரிக்ரியேஷன், முக்கால் மணி. ஆக நாளுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே அறைக் காற்று. ஸ்காஜிட்டில் ஒரு நாள் நடந்தது இங்கே தினமும். வாரம் ஒருமுறை காய்கறி வாங்கச் சந்தைக்குப் போன ஒரு சிஸ்டர் போதும். மற்ற பத்தொன்பது பேர் கேட்டைத் தாண்டாமல் இருந்தும் பயனில்லை.

ஆகவே மாற்ற வேண்டியிருந்தது செபத்தின் வடிவத்தை. திருப்பாடலைப் பாடாமல் சொல்வது, ஒருவர் சொல்ல மற்றவர்கள் மனதுக்குள் தொடர்வது, எதிரெதிர் உட்காராமல் ஒரே திசை நோக்கி இடம்விட்டு உட்காருவது, ஆளுக்கொரு புத்தகம், முடிந்தால் வராண்டா. பாட்டு வேண்டாம் என்பது வெளியாருக்குச் சின்ன இழப்பாகத் தெரியலாம். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு வாரமும் கிறிஸ்து பிறப்பு இரவும் பாட்டாலேயே நகரும் ஒரு வீட்டில் அது சின்னது அல்ல. இங்கே ஒரு சிறு ஆறுதல் உண்டு. பூசையில் சமாதானம் பகிரும்போது மேலைநாட்டில் கைகுலுக்குவார்கள், தழுவுவார்கள். அதை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியாவில் கைகூப்பி வணங்குவது எப்போதோ வழக்கத்துக்கு வந்துவிட்டது. 1969-ல் இந்திய வழிபாட்டுக்கென்று உரோமை ஏற்றுக்கொண்ட 12 அம்சங்களில் கைகூப்பும் முறைக்கும் இடம் இருந்தது. யாரும் தொற்றை நினைத்துச் செய்ததல்ல.

உணவறை: தனியாகச் சாப்பிடுவது தண்டனை

என் பார்வையில் பெருந்தொற்று ஆழமாகக் கீறிய இடம் சேப்பல் அல்ல, சாப்பாட்டு மேசை. இதைப் புரிந்துகொள்ள மறுபடி பெனடிக்டின் ஒழுங்குக்குப் போக வேண்டும்.

அதில் தவறு செய்த துறவிக்கு என்ன தண்டனை தெரியுமா? மேசையிலிருந்து விலக்கி வைப்பது. சிறு தவறு என்றால் மற்றவர்கள் சாப்பிட்ட பிறகு தனியாகச் சாப்பிட வேண்டும். பெருந்தவறு என்றால் மேசையும் கிடையாது, சேர்ந்து செபிப்பதும் கிடையாது. வேலையும் தனியாக, உணவும் தனியாக. அடிப்பதும் அந்த நூலில் உண்டுதான், ஆனால் விலக்கி வைப்பதே முதன்மை. சேர்ந்து உண்பது அந்த அளவுக்குத் துறவு வாழ்வின் அடையாளம்.

தனிமைப்படுத்தல் என்று நாம் சொன்னது, வடிவத்தில், அப்படியே இந்தத் தண்டனைதான். அறை வாசலில் தட்டு. கதவைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். செபம் அறைக்குள். தவறு எதுவும் செய்யாதவருக்குத் தவறு செய்தவரின் நடத்தை. வீட்டில் தனிமைப்படுத்தப்பட்டவர்கள் எல்லோரும் இதை அனுபவித்தார்கள். ஆனால் கைபேசி கையில் இருந்தது. ஏழ்மை வார்த்தைப்பாட்டின் காரணமாகச் சில சபைகளில் எல்லோரிடமும் சொந்தக் கைபேசி இருப்பதில்லை. பதினான்கு நாள் மூடிய அறையில் இருப்பவருக்கு மூச்சுத் திணறினால் யாரை எப்படிக் கூப்பிடுவது? மணி ஒன்றை வைப்பதா, கைபேசி கொடுப்பதா? கைபேசி கொடுப்பதே சரி. அதற்கு வார்த்தைப்பாட்டை மீற வேண்டியதில்லை; ஏழ்மை என்பது பொருளைச் சொந்தமாக்காமல் இருப்பது, பயன்படுத்தவே கூடாது என்பதல்ல.

மேசையைச் சுற்றி இன்னும் இரண்டு விஷயங்கள்.

1. சாப்பாட்டு நேர வாசிப்பு. மரபான மடங்களில் எல்லோரும் மௌனமாகச் சாப்பிட, ஒருவர் உரக்க வாசிப்பார். முகக்கவசம் கழற்றிய இருபது பேர் நடுவே ஒருவர் அரைமணி நேரம் உரத்த குரலில் பேசுவது என்று இதை மொழிபெயர்த்துப் பாருங்கள். வாசிப்பை நிறுத்தலாம், அல்லது பதிவுசெய்து ஓடவிடலாம். மௌனம் மட்டும் எதிர்பாராத விதத்தில் உதவியது. பேசாமல் சாப்பிடும் வீடு, பேசிக்கொண்டே சாப்பிடும் வீட்டைவிடப் பாதுகாப்பானது.

2. சமையல் முறை. வாரத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து அடுக்களையில் நிற்பது பழைய விதி; தாழ்மையைப் பழக்குவதற்காக. தொற்றுக் காலத்தில் முறை மாற மாற எல்லோர் கையும் எல்லோர் தட்டையும் தொடும். ஆகவே இரண்டு மூன்று பேரை நிரந்தரமாக அடுக்களையில் நிறுத்துவதே புத்தி. மார்கழியில் மொச்சைக் கொட்டைக் குழம்பும் களியும் கிண்டுவது என்ன லேசான வேலையா? அந்த இரண்டு மூன்று பேருக்கு ஓய்வில்லாத குளிர்காலம்.

நோயறையும் வயதும்

பெனடிக்டின் ஒழுங்கில் 36-ஆம் அதிகாரம் நோயாளிகளைப் பற்றியது. நோயுற்றவர்களுக்குத் தனி அறை வேண்டும், கவனிக்கத் தனி ஆள் வேண்டும், மிகவும் தளர்ந்தவர்களுக்கு விலக்கப்பட்ட இறைச்சியும் தரலாம் என்கிறது. கிருமி என்ற அறிவே இல்லாத காலத்து விதி. தனி அறை, தனி ஆள் என்ற இரண்டும் 2020-ல் எந்தச் சுகாதார அலுவலரும் சொல்லியிருக்கக்கூடியவை.

ஆனால் அந்த விதி ஒருவர் இருவர் நோயுறுவதை நினைத்து எழுதப்பட்டது. பாதிப்பேர் முதியவர்களாக இருக்கும் இல்லத்தை நினைத்தல்ல. துறவற சபைகளில் ஓய்வுபெற்ற சிஸ்டர்களை ஒரே இல்லத்தில் சேர்த்துப் பராமரிப்பது உலகெங்கும் வழக்கம். பராமரிப்புக்கு வசதி, தொற்று நுழைந்தால் பேரிழப்பு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லிவோனியா என்ற ஊரில் பெலிசியன் சபை இல்லத்தில் 2020 ஏப்ரல் 10, புனித வெள்ளி தொடங்கி ஒரு மாதத்தில் 12 சிஸ்டர்கள் இறந்தார்கள், பிறகு இன்னொருவர். அதே ஆண்டு டிசம்பரில் விஸ்கான்சினில் எல்ம் குரோவ் என்ற ஊரில் ஒரே இல்லத்தில் ஒரு வாரத்துக்குள் 8 பேர். அந்த நவம்பரில் இத்தாலியில் அசிசி நகரத்துப் பிரான்சிஸ்கன் மடத்தில் 18 துறவிகளுக்குத் தொற்று.

மறுபக்கமும் உண்டு. பிரான்சின் தூலோன் நகரில் முதியோர் இல்லத்தில் இருந்த சிஸ்டர் ஆந்த்ரே என்பவருக்கு 2021 ஜனவரியில் தொற்று உறுதியானது. அந்த இல்லத்தில் 88 பேரில் 81 பேருக்கு வந்திருந்தது. அவருக்கு அறிகுறியே இல்லை. மீண்டு, பிப்ரவரி 11-ல் தன் 117-ஆவது பிறந்தநாளைக் கொண்டாடினார். ஒருவர் பிழைத்ததை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. ஆனால் 88-ல் 81 என்ற எண், கூட்டு வாழ்வில் தொற்று எப்படி ஓடும் என்பதைக் காட்டுகிறது.

அப்படியானால் தனித்தனி அறையில் வாழும் துறவிகள் தப்பிப்பார்களா? கார்த்தூசியர் சபையில் ஒவ்வொருவருக்கும் தனி வீடு போன்ற அறை. உணவும் பெரும்பாலும் அங்கேயே. ஆனால் 1348 கொள்ளைநோயில் பிரான்சின் மொந்திரியோ மடத்தில் அத்தனை துறவிகளும் இறந்து, கவிஞர் பெட்ரார்க்கின் தம்பி கெரார்தோ மட்டும் ஒரு நாயோடு மிஞ்சினார். பிளேக் எலியோடும் தெள்ளுப்பூச்சியோடும் வந்தது. தனியறைச் சுவர் அதைத் தடுக்காது. கொரோனாவுக்கு அந்தச் சுவர் பயன்படும். நோய் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் கதவைப் பூட்டுவதில் அர்த்தமில்லை.

பூசை எப்படி நடந்தது?

சரி, ஆரம்பத்தில் எழுந்த இரண்டாவது கேள்வி. அரசு ஆணை தடுத்தது பொதுமக்கள் கூடுவதை. கோயில்களில் அர்ச்சகர்கள் நித்திய பூசையை மக்கள் இல்லாமல் நடத்தியது போலவே, பங்குத்தந்தையும் ஆள் இல்லாத ஆலயத்தில் திருப்பலி (பூசை) வைக்கலாம். மடத்துச் சிற்றாலயம் அந்த இல்லத்தவர் மட்டும் பயன்படுத்துவது. வெளியார் வராதவரை அது வீட்டுக்குள் நடக்கும் வழிபாடு. தனிச் சட்டம் எதுவும் இல்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சிஸ்டர்கள் பூசை வைக்க முடியாது; குரு வர வேண்டும். அவர் பங்கு மக்களையும் நோயாளிகளையும் சந்திப்பவர், ஆகவே மடத்துக்குள் வருபவர்களில் அதிகத் தொடர்புள்ளவர் அவரே. அவர் வராவிட்டால் மாதா தொலைக்காட்சியில் பூசை பார்ப்பது, சிற்றாலயத்து நற்கருணைப் பேழையில் உள்ள, குரு முன்பே பூசையில் அர்ப்பணித்த அப்பத்தைச் சிஸ்டர் ஒருவரே எடுத்து வழங்குவது என்ற வழிகள் உண்டு. குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு அந்த வழி கிடையாது. தொலைபேசியில் செய்தால் அது செல்லாது.

உரோமையிலிருந்து வந்த தளர்வுகளில் இரண்டு குளிர்காலத்தோடு நேரடித் தொடர்புள்ளவை. 2020 கிறிஸ்து பிறப்பு நாளில் ஒரு குரு நான்கு திருப்பலி வரை நிறைவேற்ற ஆயர் அனுமதிக்கலாம் என்றார்கள், கூட்டத்தைப் பிரிப்பதற்காக. வாடிகனிலேயே அந்த இரவுத் திருப்பலி ஊரடங்கின் காரணமாக மாலை ஏழரைக்கு நடந்தது. அடுத்து 2021 ஜனவரி 12-ல் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கான குறிப்பு: குரு சாம்பலை ஆசீர்வதித்து, வசனத்தை எல்லோருக்குமாக ஒரே தடவை சொல்லிவிட்டு, கையைச் சுத்தம் செய்து முகக்கவசம் அணிந்து, ஒவ்வொருவர் தலைமேலும் பேசாமல் சாம்பலைத் தூவ வேண்டும். நெற்றியில் விரலால் சிலுவை போட்டுப் பழகிய நமக்கு இது புதிது.

வருமானமும் விடுதியும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பூசையில் பயன்படும் அப்பம் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுடுவது. அதைச் செய்து பங்குகளுக்கு விற்பது பல அடைபட்ட மடங்களின் பிழைப்பு. ஆலயங்கள் மூடியபோது அந்த வருமானம் நின்றது. பணி செய்யும் சபைகளுக்குப் பள்ளிக் கட்டணமும் விடுதியும் நின்றன. இதே நேரத்தில், 2020 செப்டம்பரில், வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டுப் பணம் தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றின் கணக்கில்தான் வர வேண்டும், ஒரு அமைப்பு வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரக்கூடாது, நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைய வேண்டும் என்பவை முக்கிய மாற்றங்கள். தொற்றும் சட்டமும் ஒரே ஆண்டில் வந்ததால், எந்தப் பற்றாக்குறை எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

விடுதியின் விஷயம் வேறு. பெட்டமுகிலாளம், அஞ்செட்டி, சித்தேரி போன்ற மலைப்பகுதிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்பு என்பதே பல நேரம் விடுதிப் படிப்புதான். 2021 ஜனவரி 19-ல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் மட்டும் திறந்தன. 2022 ஜனவரியில் மறுபடி மூடல், பிப்ரவரி 1-ல் திறப்பு. விடுதி மூடினால் மடத்துக்கு இடமும் காற்றும் மிச்சம். பிள்ளைக்கு அப்படி இல்லை. குழந்தைத் திருமணக் கவலை இரு மாவட்டங்களுக்கும் பழையது. ஆகவே விடுதியை மூடி வைப்பதைச் சுகாதாரக் கணக்கோடு மட்டும் முடிவு செய்ய முடியாது.

எதை முதலில் திறப்பது?

2022 ஜனவரிக் கடைசியில் இரவு ஊரடங்கும் ஞாயிறு முழு ஊரடங்கும் விலகின. வழிபாட்டுத் தலங்கள் எல்லா நாளும் திறந்தன. ஊருக்கு அது ஒரே நாள் அறிவிப்பு. மடத்துக்குள் அப்படி முடியாது. வெளிக்கதவுக்கு ஒரு கணக்கு, உள்கதவுகளுக்கு வேறு கணக்கு.

1. பள்ளி, விடுதி, மருந்தகம் முதலில். ஆபத்து அதிகம்தான், ஆனால் மூடி வைத்தால் இழப்பு அதைவிட அதிகம். இழப்பவர்களும் வெளியே இருப்பவர்கள்.

2. அப்படித் திறந்ததும் வேலைக்குப் போய்வரும் சிஸ்டர்களும் வீட்டிலிருக்கும் முதியவர்களும் ஒரே மேசையில் உட்காருவது தள்ளிப்போகும். இல்லம் கொஞ்ச காலத்துக்கு இரண்டு இல்லமாகவே ஓடும். இரண்டு பந்தி, இரண்டு நேரம்.

3. பாட்டு, ஜன்னலைப் பொறுத்தது. தை பிறந்து பனி குறைந்து, மாசி வெயில் ஏறத் தொடங்கியதும் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்துப் பாடலாம். 2022-ல் சாம்பல் புதன் மார்ச் 2-ல் வந்தது. தவக்காலத்தில் பாட்டு எப்படியும் குறைவு.

4. நோயறை கடைசி. ஊக்கத் தடுப்பூசி 2022 ஜனவரி 10-ல் தொடங்கியபோது மருத்துவ, முன்களப் பணியாளர்களோடு, இணைநோய் உள்ள 60 வயதைக் கடந்தவர்களும் முதல் வரிசையில் இருந்தார்கள். முதல் குளிர்காலத்தில் ஒரே கூரைக்குள் இருந்த இரண்டு வரிசை இந்தத் தடவை ஒன்றானது. ஆனாலும் அந்த அறைக்குள் போகிறவருக்கு மட்டும் முகக்கவசம் தொடர்ந்தது, கதவுக்கு வெளியே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் தொடர்ந்தன.